டயரும் தைலமும்

கேள்வி: ஆசிரியர் சாரே, புதுசா கண்டுபிடிச்சோம்னு பெருமை அடிக்கானுவளே, எல்லாம் பழசைப் பாத்து காப்பி அடிச்சதுதானே? நம்ம கட்டுமரத்தைத்தான் வெள்ளைக்காரன் கேட்டமரான்னு ஆக்கி வச்சிருக்கான். நம்ம முன்னோர் எல்லாத்தையும் அன்னைக்கே கண்டுபிடிச்சாச்சு, இனி புதுசுன்னு ஒண்ணு உண்டா? (இது வரைக்கும் யாரும் கேக்காத கேள்வி, இந்த மாச நூறு ரூபா பரிசு எனக்குத்தான்.)
வாசகர், குலசேகரம்

பதில்: பரிசைப் பத்தி கடைசியில பேசுவோம், மொதல்ல கட்டுமரம்.

பேரு நம்மளதுதான், அதுல தகராறே இல்ல. டாம்பியர்னு ஒரு இங்கிலீஷ்கார கப்பலோட்டி 1697ல போட்ட பயணப் புத்தகத்துல அந்த வார்த்தைய எழுதி வச்சான். ஆனா கொளச்சல் கடப்புறத்துல நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும், கட்டுமரம்னா தடிய ஒட்ட ஒட்ட அடுக்கி கயித்தால வரிஞ்சு கட்டுனது. இன்னைக்கு கேட்டமரான்னு விக்கிறது ரெண்டு தனித்தனி ஓடத்தை நடுவுல எடம் விட்டு மேல பாலம் போட்டு சேத்தது, அந்த ரெட்டை ஓடம் பசிபிக் தீவுக்காரங்க காலங்காலமா ஓட்டுனது. ஹெரஷாஃப்னு ஒரு அமெரிக்கக்காரர் 1876ல அந்த மாதிரி ஒண்ணு செஞ்சு நியூயார்க் பந்தயத்துல மத்த படகையெல்லாம் பின்னாடி தள்ளிட்டாரு, உடனே இது படகே இல்லன்னு சொல்லி பந்தயத்துல இருந்தே நீக்கிட்டாங்க, அது வேற கதை. ஆக நம்மகிட்ட கடன் வாங்குனது பேரை மட்டும். பசிபிக்காரன் வந்து 'எங்க ஓடத்துக்கு ஏன்யா தமிழ் பேரு'ன்னு கேட்டா நமக்குத்தான் பதில் இல்ல.

பழசு இல்லாம புதுசு வராதுங்கிறது முக்காவாசி சரி. அதுல இருந்து 'அப்போ எல்லாம் காப்பி'ன்னு ஒரே தாவா தாவுறீங்க பாருங்க, அங்கதான் வழுக்குது. நீங்க குலசேகரம், முத்தத்துல இறங்குனா ரப்பர் விளை, அதனால ரப்பரை வச்சே பேசுவோம்.

காத்தடிச்ச டயரு யாரு கண்டுபிடிச்சான்னு கேட்டா டன்லப்புன்னு ஸ்கூல் பிள்ளையும் சொல்லும். அவரு பெல்ஃபாஸ்ட்ல மாட்டு டாக்டர், மவனோட மூணு சக்கர சைக்கிள் கல்லு ரோட்டுல குலுங்குதேன்னு ரப்பர் குழாய்ல காத்தடிச்சு சக்கரத்துல சுத்தி 1888ல பேட்டன்ட்டும் வாங்கிட்டாரு. ரெண்டு வருஷம் கழிச்சு பேட்டன்ட் செல்லாதுன்னு ஆயிப்போச்சு. ஏன்னா 1845லயே தாம்சன்னு ஒரு 23 வயசுப் பையன் இதே சங்கதிக்கு பேட்டன்ட் எடுத்து, லண்டன்ல குதிரை வண்டியில மாட்டி ஓட்டியும் காட்டியிருக்கான், ஒரு செட்டு டயரு 1200 மைல் ஓடுச்சாம். அப்போ டன்லப் காப்பியா? தாம்சன் பேரையே அவரு கேட்டதில்ல, கேக்காத ஆளை எப்படி காப்பி அடிக்கிறது. சரி, தாம்சன் டயரு ஏன் 40 வருஷம் தூங்குச்சு? அவரு காலத்துல பெடல் மிதிக்கிற சைக்கிள் ரோட்டுல கிடையாது, மோட்டார் கிடையாது, குலுங்குதேன்னு அழுது காசு குடுத்து டயரு வாங்க ஆள் கிடையாது. டன்லப் வரும்போது சைக்கிள்காரன் ஊரெல்லாம் முதுகைப் பிடிச்சிட்டு நிக்கான். ஒரு கண்டுபிடிப்புக்கு அப்பன் தாத்தா மட்டும் போதாது பாத்துக்கிடுங்க, அக்கம்பக்கமும் வளந்திருக்கணும், இதை நம்ம ஆளுக யாரும் கணக்குல எடுக்கதே இல்ல.

இன்னும் பின்னாடி போனா குட்இயர்னு ஒரு அமெரிக்கக்காரர், ரப்பரைப் பதப்படுத்த வழி தேடுனவரு. வெறும் ரப்பர் பாலு காஞ்சா என்னாகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா, வெயிலுக்கு பிசுபிசுன்னு ஒட்டும், குளிருக்கு அப்பளம் மாதிரி நொறுங்கும். அதுல கந்தகம் சேக்கிற யோசனை குட்இயரோடது கூட இல்ல, ஹேவர்ட்னு இன்னொருத்தர்கிட்ட இருந்து விலைக்கு வாங்குனது. அந்தக் கலவை 1839ல சூடான அடுப்பு மேல பட்டுச்சு, உருகல, தோலு மாதிரி நின்னுச்சு. கந்தகத்தோட சூடும் வேணும்னு பிடிபட்டது அப்பதான். அதுக்குள்ள குட்இயர் கடனுக்காக ஜெயிலுக்கு வேற போயிட்டு வந்தாச்சு, 1860ல சாகும்போதும் கடன்காரர்தான். (அவர் பேருல இருக்கிற டயர் கம்பெனி 1898ல வேற ஆளுங்க ஆரம்பிச்சது, குடும்பத்துக்கு பத்து பைசா சம்பந்தம் இல்ல.)

இதுல விசேஷம் என்னன்னா, மெக்சிகோ பக்கத்து ஆதி ஜனங்க மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ரப்பர் பால்ல ஒரு கொடியோட சாறைக் கலந்து, ஒட்டாத, துள்ளுற பந்து செஞ்சு விளையாடியிருக்காங்க. குட்இயர் இருந்த அமெரிக்காவுக்கு அடுத்த வீடு. ஒரு சொட்டு விவரம் அவருக்கு வந்து சேரல, அந்தக் கொடிச்சாறு எப்படி வேலை செய்யுதுன்னு விஞ்ஞானிங்க சோதிச்சு எழுதுனதே 1999லதான். முன்னோர் கண்டுபிடிச்சிருந்தாங்களா? ஆமா. பின்னால வந்தவனுக்கு உதவுச்சா? இல்ல.

இது எனக்கு உறைக்கிறதுக்கு வேற காரணம் இருக்கு. எங்க தாத்தாவோட அண்ணன் வர்மாணி ஆசான், அதாவது வர்மமும் எலும்பு முறிவும் பாக்கிற வைத்தியர், கல்குளம் பக்கம் நல்ல பேரு. பிலா மரத்துல (பலா) இருந்து விழுந்த பயலைத் தூக்கிட்டு வருவாங்க, பெரியதாத்தா கைய தடவிப் பாத்து, தைலம் ஊத்தி, மூங்கில் பத்தை வச்சுக் கட்டி அனுப்புவாரு, அவன் அடுத்த மாசம் திரும்ப அதே பிலாவுல ஏறுவான். அந்த தைலத்துக்கு மருந்து வாங்குறதுதான் வேடிக்கை, தக்கலையில ஒரு கடை, இரணியல்ல ஒரு கடை, நாகர்கோவில் வடசேரியில ஒரு கடைன்னு பிரிச்சுப் பிரிச்சு வாங்குவாரு, ஒரே கடைக்காரனுக்கு முழு லிஸ்ட் தெரியக்கூடாதாம். கடைசி பச்சிலைய அவரே விடியக்காலம் போய் பறிச்சு துண்டுல மறைச்சு எடுத்துட்டு வருவாரு. காய்ச்சும்போது அடுக்களைக் கதவைச் சாத்திருவாரு, பாட்டிக்குக்கூட அனுமதி கிடையாது. ஒரு நாள் நான் சாவித்துவாரம் வழியா எட்டிப் பாத்தேன், முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது.

அவர் போன பிறவு ஏட்டை எடுத்தோம். பாதி செதல் அரிச்சாச்சு, மீதி பரிபாஷை, மருந்துக்கெல்லாம் மாத்துப் பேரு. பெரியப்பா மவன் ஒரு குத்துமதிப்புல காய்ச்சிப் பாத்தான், கறுப்பா கிரீஸ் மாதிரி வந்துச்சு, வாழை மூட்டுல கொட்டிட்டோம். நாளைக்கு எவனாவது ஒரு லேப்ல அதே தைலத்தை செஞ்சான்னு வைங்க, எங்க குடும்பமே கிளம்பிப் போய் 'இது எங்க பெரியதாத்தா அன்னைக்கே செஞ்சது'ன்னு சத்தம் போடும், நானும் கூட போவேன். ஆனா நடுவுல கை ஒடிஞ்ச பிள்ளைகளுக்கு அது இல்லாமத்தானே போச்சு.

இப்போ உங்க விளையில நிக்கிற நூத்தஞ்சை பாருங்க. ஆர்ஆர்ஐஐ 105ங்கிற ரப்பர் ரகம், கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980ல வெளியிட்டது. அதுக்கு அப்பன் ஆத்தா யாருன்னு எழுதியே வச்சிருக்கு, இந்தோனேசியாவோட டிஜிர் 1, மலேயாவோட ஜிஎல் 1. அந்த ரெண்டுக்கும் மூலம், விக்காம்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1876ல பிரேசில்ல இருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு கொண்டு போன 70,000 விதையில முளைச்ச சுமார் 2,700 கன்னு. காலையில உங்க பால்வெட்டுக்காரர் வெட்டுறதைக் கொஞ்சம் நின்னு பாருங்க, பட்டைய சீவி, தடிய தொடாம, இடது மேல இருந்து வலது கீழ சரிச்சு இறக்குவாரு. மரத்துக்குள்ள பால்குழல் லேசா சரிஞ்சு போகுது, இந்த சரிவுல வெட்டுனாத்தான் நிறைய குழல் அறுபட்டு பாலு கூடும். முன்ன காட்டுல கோடாலியால கொத்திட்டு இருந்தாங்க. பழைய வெட்டையே மெல்லிசா திரும்பத் திரும்பச் சீவுனா மரம் சாகாது, பாலும் கூடும்னு சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தைப் பாத்துக்கிட்டு இருந்த ரிட்லிங்கிறவர் 1890கள்ல போட்டு உடைச்சாரு. போற வாற தோட்டக்காரன்கிட்டயெல்லாம் விதைய நீட்டி 'ரப்பர் நடு, ரப்பர் நடு'ன்னு சொல்லி சொல்லியே பைத்தியக்காரன்னு பேரு வாங்குன மனுஷன் அவரு. அவரு கதவைச் சாத்தல, அதனாலதான் குலசேகரத்துல சிரட்டை நிறையுது.

அப்போ நூத்தஞ்சு புதுசா பழசா? டிஜிரையும் ஜிஎல்லையும் சும்மா பக்கத்துல பக்கத்துல நட்டு வச்சா நூத்தஞ்சு வந்துருமா, பூவைக் கையால சேத்து, நூத்துக்கணக்குல கன்னு வளத்து, வருஷக்கணக்கா பாலு அளந்து, ஆகாததைக் கழிச்சு, ஒண்ணைப் பிடிச்சாங்க. அந்த கழிச்ச வேலைக்கு என்ன பேரு வைப்பீங்க, காப்பியா?

பரிசு. போன வருஷம் திங்கள்சந்தைக்காரர் ஒருத்தர் ஏறக்குறைய இதே கேள்விய அனுப்பி, நூறு ரூபாயும் வாங்கிட்டாரு. கட்டுமரம் மட்டும் நீங்க புதுசா சேத்தது, அதுவும் பாதி தப்பு. இருபத்தஞ்சு ரூபா ஜிபேல போடுறேன், நம்பர் அனுப்புங்க.