மயாமியில் ஓட்டு எப்படி மாறியது?

கேள்வி: அமெரிக்காவில் பெருநகரம் என்றாலே ஜனநாயகக் கட்சிதான் என்று படித்திருக்கிறேன். மயாமி நகரம் இருக்கும், ஃப்ளோரிடாவின் மயாமி-டேட் கவுண்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பாதிக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள். குடியேறிகளைத் துரத்துவேன் என்று சொன்ன ட்ரம்ப்பை அவர்களே 2024-ல் அங்கே ஜெயிக்க வைத்திருக்கிறார்கள். இது முட்டாள்தனம் இல்லையா? இனி அது குடியரசுக் கட்சியின் கோட்டைதானா?

பதில்: முதலில் அந்த முட்டாள்தனம் என்ற சொல்லை வாபஸ் வாங்குங்கள். நமக்குப் பிடிக்காத பக்கம் ஓட்டு விழுந்துவிட்டால் உடனே போட்டவனுக்கு விவரம் போதாது என்று முடிவு கட்டுவது மிகக் கெட்ட பழக்கம். மயாமிக்காரர்களுக்குக் காரணம் இருந்தது. நீங்களும் நானும் அதை ஏற்காமல் போகலாம், ஆனால் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது.

குடியேறி என்றால் எல்லாருக்கும் ஒரே மனசு என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 1959-ல் கியூபாவில் காஸ்ட்ரோ ஆட்சியைப் பிடித்து அதை சோஷலிச நாடாக்கத் தொடங்கியதும் வீடு, கடை, நிலம் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மயாமிக்கு வந்தவர்கள் கியூபர்கள். 1961-ல் காஸ்ட்ரோவைக் கவிழ்க்க அமெரிக்க உதவியோடு கியூபர்கள் நடத்தித் தோற்ற பே ஆஃப் பிக்ஸ் படையெடுப்பின்போது, ஜனநாயகக் கட்சி அதிபர் கென்னடி தங்களைக் கைவிட்டுவிட்டார் என்ற கோபம் அந்தக் குடும்பங்களில் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கியது. அவர்கள் சுலபமாக நிரந்தர வசிப்புரிமை பெற 1966-ல் தனிச் சட்டமே வந்தது. மெக்சிகோ எல்லை வழியாக வந்தவருக்கு இருக்கும் நாடு கடத்தல் பயம் பெரும்பாலான கியூபர்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரியாது. அப்படிப்பட்டவர், துரத்துவேன் என்று மேடையில் ஒருவர் சொன்னால் அது தன்னைத்தான் என்று ஏன் எடுத்துக்கொள்ளப் போகிறார்? சோஷலிசம் என்ற சொல்தான் அவருக்கு வயிற்றைக் கலக்கும். 2020 பிப்ரவரியில், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டுக்கொண்டிருந்த பெர்னி சாண்டர்ஸ் ஒரு டிவி பேட்டியில் காஸ்ட்ரோவின் எழுத்தறிவுத் திட்டத்தைப் பாராட்டிப் பேசியது மயாமியில் எப்படி எரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, ஆபத்தில் இருப்பவரும் ஓட்டுப் போடுபவரும் ஒரே ஆள் இல்லை. இதே கவுண்ட்டியில் டோரல் என்ற நகரத்தில் வெனிசுவேலாக்காரர்கள் அதிகம். அங்கே ஒரே வீட்டில் அக்கா குடியுரிமை வாங்கியிருப்பார், தம்பி தற்காலிகப் பாதுகாப்பு அந்தஸ்தில் இருப்பார், அதாவது சொந்த நாட்டு நிலைமை மோசம் என்பதால் கொஞ்ச காலம் தங்க அனுமதி பெற்றவர். ஓட்டு அக்காவுக்கு மட்டும்தான். 2025-ல் ட்ரம்ப் அரசு அந்தப் பாதுகாப்பை ரத்து செய்தபோது அடி விழுந்தது தம்பிக்கு. அக்கா இதை எதிர்பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்டால் நியாயம்தான், கேளுங்கள். ஆனால் அப்போது வெனிசுவேலாவை ஆண்ட மதுரோவுக்குப் பயந்து ஓடிவந்தவருக்கு யார் மதுரோவிடம் கடுமையாக நடப்பார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஹயலீயா என்று கியூபர்கள் நிறைந்த உழைப்பாளிகளின் ஊர் ஒன்று உண்டு. ஜனநாயகக் கட்சி அதிபர் ஒபாமா கொண்டுவந்த ஒபாமா கேர் மருத்துவக் காப்பீட்டில் நாட்டிலேயே மிக அதிகம் பேர் சேர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. அதே ஊர்தான் தன் முக்கியமான தெருவுக்கு ட்ரம்ப் பெயரை வைத்தது. சலுகை கொடுத்தால் ஓட்டு வந்துவிடும் என்று கணக்குப் போடுகிறவர்கள் ஒருமுறை ஹயலீயாவுக்குப் போய்வர வேண்டும்.

சரி, இப்போது எண்களுக்கு வருவோம், எல்லாரும் பாதியில் விட்டுவிடுவது இதைத்தான். 2016-ல் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி இந்தக் கவுண்ட்டியில் சுமார் 6.24 லட்சம் ஓட்டு வாங்கினார், ட்ரம்ப்புக்கு 3.34 லட்சம். 2020-ல் அதே கட்சியின் பைடனுக்கு 6.18 லட்சம், கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் ட்ரம்ப் 5.33 லட்சத்துக்குப் போய்விட்டார். அதாவது நாலு வருஷத்தில் அவர் புதிதாக இரண்டு லட்சம் பேரைத் தேடிப் பிடித்திருக்கிறார். 2024-ல் நடந்தது வேறு. ட்ரம்ப் 6.05 லட்சம், ஏறியது 70 ஆயிரம் சொச்சம்தான். கமலா ஹாரிஸோ 4.80 லட்சத்துக்கு இறங்கிவிட்டார், அதாவது பைடன் வாங்கியதில் 1.38 லட்சம் குறைவு. கட்சி மாறியவர்கள் அதில் உண்டு, ஆனால் கணக்கைப் பார்த்தால் அவர்களை வைத்து மட்டும் இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது, மொத்தமாகப் பதிவான ஓட்டே 2020-ஐவிடக் குறைவு. ஓட்டுச்சாவடிப் பக்கமே வராமல் வீட்டில் இருந்துவிட்டவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1988-ல் மூத்த புஷ்ஷுக்குப் பிறகு ஒரு குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் இந்தக் கவுண்ட்டியை ஜெயித்தது இதுதான் முதல்முறை, அதில் பாதிப் பங்கு ஜனநாயகக் கட்சியின் மெத்தனத்துக்கு. நம்முடைய ஓட்டுதானே, எங்கே போய்விடும் என்று இருந்தார்கள். போய்விட்டது.

கோட்டையா என்று கேட்டீர்கள். ட்ரம்ப் ஜெயிப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 2024 ஆகஸ்டில், இதே கவுண்ட்டி மக்கள் ஜனநாயகக் கட்சிக்காரரான டேனியெல்லா லெவைன் காவாவை முதல் சுற்றிலேயே மறுபடியும் கவுண்ட்டி மேயராக்கினார்கள். அந்தத் தேர்தலில் ஓட்டுச்சீட்டில் கட்சி பெயர் இருக்காது. அப்புறம் 2025 டிசம்பரில் மயாமி நகர மேயர் தேர்தலில் ட்ரம்ப் ஆதரித்தவரைத் தோற்கடித்து ஐலீன் ஹிக்கின்ஸ் வந்தார், கிட்டத்தட்ட 30 வருஷத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் ஜனநாயகக் கட்சிக்காரர். இதை யாருடைய கோட்டை என்று எழுதச் சொல்கிறீர்கள்?