வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போகலாமா?

கேள்வி: நானும் கணவரும் ஐடி வேலையில் இருக்கிறோம். பல்லடம் பக்கம் இரண்டு ஏக்கர் விலைக்கு வருகிறது, போர் (ஆழ்துளைக் கிணறு) இருக்கிறது என்கிறார் புரோக்கர். வேலையை விட்டுவிட்டு அங்கே போய், ரசாயனம் இல்லாமல் எங்களுக்கு வேண்டியதை விளைவித்துக்கொண்டு, மிச்சத்தை விற்றுப் பிழைக்க முடியுமா? "பண்ணயத்துல என்ன மிஞ்சும்னு தெரியாமப் பேசாதீங்க" என்கிறார் மாமனார்.
– வாசகி, சரவணம்பட்டி

பதில்: உங்கள் மாமனார் சொல்வதில் பாதி சரி அம்மணி. வீட்டுக்கு விளைவிப்பது ஒரு வேலை, விற்றுப் பிழைப்பது வேறு வேலை. முதலாவதை வருகிற ஆடிப்பட்டத்திலேயே ஆரம்பிக்கலாம். இரண்டாவதை நம்பி இரண்டு பேரும் ஒன்றாகச் சம்பளத்தை விடாதீர்கள், ஒருவருடையதாவது வந்துகொண்டிருக்கட்டும்.

அதற்கு முன்னால் அந்த போர். "போர் இருக்கிறது" என்பதெல்லாம் ஒரு தகவலா? பல்லடம், காங்கேயம் பக்கம் ஆயிரம் அடி ஓட்டியும் வெறும் புகை வந்த குழிகள் எத்தனையோ இருக்கின்றன. சித்திரை, வைகாசி வெயிலில், புரோக்கரைக் கூட்டிக்கொள்ளாமல் போய், பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் "கோடையில மோட்டார் எத்தனை நேரம் ஓடுதுங்க, நடுவுல தண்ணி நின்னு போயிருதுங்களா" என்று கேளுங்கள், வாங்கப்போகிறவர் என்று தெரிந்தால் பெரும்பாலும் மறைக்க மாட்டார்கள். அப்படியே அவர் சொட்டுநீர்க் குழாயையும் பாருங்கள். சொட்டு விழுகிற இடத்தைச் சுற்றி மண் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்புத் தண்ணி. மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஒரு பாட்டிலில் பிடித்து, மண்ணோடு சேர்த்துப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். வாய்க்கால் பாசனம் என்று சொன்னால் அதையும் விசாரிக்க வேண்டும், பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணி மண்டலம் மண்டலமாக முறை வைத்துத்தான் வரும், வருஷம் முழுக்க ஓடாது.

பத்திரத்தில் பட்டா, வில்லங்கம் எல்லோரும் பார்ப்பார்கள். நம் பக்கத்தில் சண்டை வருவது கிணற்றுப் பங்கிலும் வண்டித்தடத்திலும்தான். கிணற்றில் எத்தனை பங்கு, தடம் எந்தக் கோடியில் எத்தனை அடி, இலவச மின்சார சர்வீஸ் யார் பேரில் இருக்கிறது, மூன்றையும் எழுத்தில் பாருங்கள். புதிதாக சர்வீஸ் கேட்டால் காத்திருக்க வேண்டிவரும்.

சரி, வாங்கியாச்சு. இரண்டு ஏக்கரையும் உடனே கிளறாதீர்கள். சமையலுக்கு ஒரு பத்து சென்ட் போதும். மீதியில் பலதானியம் விதையுங்கள். சோளம், கம்பு, தட்டப்பயறு, உளுந்து, எள், ஆமணக்கு, தக்கைப்பூண்டு என்று கலந்து ஏக்கருக்கு 20 கிலோ போலப் போட்டு, பூ எடுக்கும்போது மடக்கி உழுதுவிடுவது. ரசாயன உரம் தின்று பழகின மண்ணைத் தேற்ற இதைவிடச் செலவு குறைந்த வழி எனக்குத் தெரியவில்லை. கம்பி வேலிக்கு லட்சத்தைக் கொட்டாமல் கிளுவை மரத்துப் போத்தை (வெட்டிய கிளையை) உயிர்வேலியாக நட்டுவிடலாம், அது ஆடுமாட்டுக்கு. மயிலுக்கு எந்த வேலியும் கிடையாது. தக்காளி சிவக்கிற அன்றைக்கு விடியற்காலை உங்களுக்கு முன்னால் வந்து நிற்கும், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைத் தொடவும் முடியாது. வலை போட்டு மூடுவது அல்லது ஆள் நிற்பது, அவ்வளவுதான்.

அப்புறம், சனி ஞாயிறு மட்டும் போவதாக இருந்தால் வெண்டையும் கீரையும் வேண்டாம். வெண்டையை இரண்டு நாள் விட்டால் முற்றி நாராகிவிடும். முருங்கை, பூசணி, சின்ன வெங்காயம், தட்டப்பயறு, கொள்ளு இதெல்லாம் உங்களுக்காகக் காத்திருக்கும்.

கேள்வி: மாடித் தோட்டத்துக் கத்தரிச் செடியில் நுனி மட்டும் வாடித் தொங்குகிறது. தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை. பஞ்சகவ்யா தெளிக்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: தண்ணீர்க் குறை இல்லைங்க, தண்டுத் துளைப்பான். தொங்குகிற நுனியைக் கொஞ்சம் கீழே சேர்த்து ஒடித்து, நகத்தால் பிளந்து பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு நெளியும். ஒடித்ததைக் குப்பைக் கிடங்கில் போடாமல் எரித்துவிடுங்கள், ஓட்டை விழுந்த காயையும் சேர்த்துத்தான். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யா நல்ல வளர்ச்சி ஊக்கி, பத்து லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி கணக்கு. ஆனால் தண்டுக்குள் இருக்கிற புழுவை அது ஒன்றும் செய்யாது. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணியில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, துளி காதி சோப்புக் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். வாரம் ஒருமுறை.

கேள்வி: இயற்கை விளைச்சல் என்று சொல்லி விற்கச் சான்றிதழ் கட்டாயமா?
– வாசகர், கோபி

பதில்: தெரிந்த நாலு வீட்டுக்குக் கொடுக்க எதற்குச் சான்றிதழ்? உங்கள் தோட்டத்தை வந்து பார்க்கச் சொல்லுங்கள், போதும். கடைக்கும் ஏற்றுமதிக்கும் என்றால் வேண்டும். ஒரே ஊரில் குறைந்தது ஐந்து விவசாயிகள் சேர்ந்தால் பிஜிஎஸ் முறையில், அதாவது விவசாயிகளே ஒருவர் தோட்டத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் முறையில், குழுவாக வாங்கலாம், செலவும் குறைவு. ஏற்றுமதிக்கான சான்றுக்கு மாறுதல் காலம் உண்டு, காய்கறி போன்றவற்றுக்கு 2 வருஷம், தென்னை மாதிரி பல்லாண்டுப் பயிருக்கு 3 வருஷம். சான்றளிக்கும் அரசுத் துறையின் தலைமை அலுவலகம் கோவையில்தான் இருக்கிறது, கோபியிலிருந்து காலை பஸ் ஏறினால் மாலைக்குள் விவரம் கேட்டுத் திரும்பிவிடலாம். போகும்போது சிட்டா, அடங்கல் நகலும், எந்த வயலில் என்ன போட்டீர்கள் என்று எழுதிய நோட்டும் எடுத்துப் போங்கள்.