காட்டோரத் தோட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தோட்டத்தை ஒட்டி அடர்ந்த மரங்கள். அந்தப் பக்கப் பாத்தியில் தக்காளிச் செடி உயரமாக வளர்கிறது, காய்க்க மறுக்கிறது. எரு போதவில்லையா?

வெயில்தான் போதவில்லை. ஒரு நாள் மணிக்கொரு தரம் போய்ப் பார்த்து, நேரடி வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு 6 முதல் 8 மணி நேரம் வேண்டும். கீரைக்கும் புதினாவுக்கும் 3, 4 மணி நேரம் இருந்தால் சமாளித்துவிடும். இஞ்சி, மஞ்சள், சேம்பு அரைநிழலிலேயே நன்றாக வரும். நிழலில் எருவைக் கூட்டினால் இலைதான் கூடும்.

கேள்வி: நல்ல மழைக்குப் பிறகும் மர ஓரத்து மண் காய்ந்து கிடக்கிறது. மரவேர்களை வெட்டிவிடலாமா? அல்லது மேலே ஓரடி மண் கொட்டிப் பாத்தி எடுக்கலாமா?

தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். மழையில் ஒரு பங்கை இலைகளே தாங்கிக்கொள்கின்றன, மீதியை வேர் குடித்துவிடுகிறது. மரவேர் ஆழத்தில்தான் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேலே 30 முதல் 60 செ.மீ. மண்ணுக்குள்ளேயே, கிளைகளின் விரிவையும் தாண்டிப் படர்ந்திருக்கும். அதன்மேல் மண்ணைக் கொட்டினால் வேருக்குக் காற்று கிடைக்காது. பாதிப்பு உடனே தெரியாது. சில வருடம் கழித்து உச்சிக்கிளை காயும்போது, கொட்டிய மண் யாருக்கும் நினைவிருக்காது. பருத்த வேரை வெட்டினாலோ மரம் பிடிமானம் இழந்து, பெருங்காற்றில் சாயக்கூடும்.

மர ஓரத்தில் வேர்களுக்கு இடையே கிடைக்கும் சின்னச் சின்ன மண்திட்டுகளில் நிழல் தாங்கும் நாற்றுகளைக் கைக்கொத்தால் நடுங்கள். சின்ன நாற்று என்றால் சின்னக் குழி போதும், வேரும் தப்பிக்கும். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக நீர் பாய்ச்சுங்கள். மண்மேல் 5 முதல் 8 செ.மீ. மூடாக்கு (சருகு, வைக்கோல் போன்ற போர்வை) இருக்கட்டும், ஆனால் அடிமரத்தை ஒட்டிக் குவிக்க வேண்டாம். தொட்டி வைத்தால் செங்கல்மேல் வையுங்கள். இல்லாவிட்டால் அடித்துளை வழியாக மரவேர் உள்ளே ஏறிவிடும்.

கேள்வி: சருகு மலைபோலச் சேர்கிறது. எரிக்கலாமா?

வேண்டாம். ஒரு மூலையில் குவித்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிரு வருடத்தில் அருமையான இலைமக்கு கிடைக்கும். மக்காத சருகை அப்படியே மண்ணுக்குள் புதைத்தால் அது மக்கும்போது செடிக்குப் போகவேண்டிய தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும். மேலே பரப்பினால் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

கேள்வி: இரவில் மான்கள் வந்து மேய்ந்துவிடுகின்றன. எவ்வளவு உயரத்துக்கு வேலி போடுவது?

2.4 மீட்டர். அவ்வளவு உயரம் முடியாதென்றால் 1.2 மீட்டர் உயரத்தில் இரண்டு வேலிகளை, நடுவே ஏறக்குறைய அதே அளவு இடைவெளி விட்டுப் போடுங்கள். மான் உயரமாகவும் தாண்டும், அகலமாகவும் தாண்டும், ஆனால் ஒரே தாவலில் இரண்டையும் செய்யத் தயங்கும். காட்டுப்பன்றி கீழே தோண்டி வருவதால், அதற்குக் கம்பிவலையை மண்ணுக்குள்ளும் இறக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலியில் விடும் எண்ணம் மட்டும் யாருக்கும் வரவே கூடாது. விலங்கு மட்டுமல்ல, மனிதரும் சாவார்கள்.

கேள்வி: கழித்த செடிகளை மரங்களுக்குள் வீசிவிடலாமா? எப்படியும் மக்கிவிடுமே?

எல்லாம் மக்காது. உண்ணிச்செடி (லன்டானா) அமெரிக்க வெப்பமண்டலப் பகுதியிலிருந்து அழகுச்செடியாகத்தான் பல நாடுகளுக்குப் போனது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, இன்று காடுகளில் புதராக மண்டி, புல்லை அமுக்கி, மேயும் விலங்குகளின் உணவைக் கெடுக்கிறது. ஆகவே விதை, கிழங்கு, படரும் கொடித்துண்டு எதுவும் உங்கள் எல்லையைத் தாண்ட வேண்டாம். அவற்றைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, சில வாரம் நல்ல வெயிலில் போட்டுவையுங்கள். முழுக்க அழுகியதைப் பார்த்த பிறகு மக்குக் குழியில் சேருங்கள்.