போர்டை மாற்றும் முன் சுவரைப் பாருங்கள்: கடைமுகப்பு பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: அண்ணாச்சி, நெல்லை டவுன் ரதவீதி பக்கம் துணிக்கடை வைத்திருக்கிறோம். தாத்தா காலத்துக் கட்டடம். தீபாவளிக்குப் புது போர்டு வைக்கலாம் என்று பழைய ஃப்ளெக்ஸ் போர்டைக் கழற்றினால், பின்னால் சுவர் பார்க்கவே சகிக்கவில்லை. ஓட்டை, துருக்கறை, பொரிந்துபோன பூச்சு, போர்டு இருந்த இடம் மட்டும் வேறு நிறம். போர்டுக்காரர், “முகப்பு முழுக்க ஏசிபி ஷீட் (அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) போட்டு மூடிவிடலாம், உள்ளே இருக்கிறது யாருக்குத் தெரியப்போகிறது” என்கிறார். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஏசிபி கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. பழுதான சுவரை அப்படியே விட்டு மேலே மூடினால், உள்ளே என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும், அதுதான் பிரச்சினை. மேல் விளிம்பில் ஒரு இடைவெளி இருந்தால் போதும், ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும், வெயில் பட்டு உலரவும் வழி இருக்காது. புறா கூடு கட்டும், எலி வயரைக் கடிக்கும். பூச்சு உள்ளேயே பெயர்ந்து ஷீட்டின் மடிப்பில் வந்து நிற்கும். ஒரு நாள் ஷீட் முன்பக்கம் உப்பும்போதுதான் நாம் அண்ணாந்து பார்ப்போம்.

அதனால் முதல் வேலையாக ஒரு நல்ல கொத்தனாரைக் கூப்பிட்டு, சாரம் கட்டியோ ஏணி வைத்தோ, சுத்தியல் காம்பால் முகப்பு முழுவதையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டியான பூச்சு ‘டக் டக்’ என்று சொல்லும், சுவரை விட்டு விலகிய பூச்சு ‘டொப்’ என்று சொல்லும். டொப் என்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டு, அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்துவிட வேண்டும். அதன்மேல் பட்டி பார்த்து மூடுவது காசைக் கரைக்கிற வேலை.

அடுத்தது பழைய போல்ட்டுகள். பெரும்பாலான இடங்களில் போர்டைக் கழற்றுகிறவர்கள் கிரைண்டரை வைத்துச் சுவர் மட்டத்துக்கு அறுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளே இருக்கிற இரும்புத் துண்டு துருப்பிடித்தால் பருமன் கூடும், கூடும்போது சுற்றியுள்ள பூச்சைப் பிளந்து வெளியே தள்ளும், எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் அந்த இடத்தில் செம்பழுப்புக் கறை மறுபடி எட்டிப் பார்க்கும். எனவே துண்டை முழுசாக உருவச் சொல்லுங்கள். வராவிட்டால் சுற்றிக் கொத்தி எடுத்துவிட்டு, பாலிமர் கலந்த கலவையால் ஓட்டையை ஆழத்திலிருந்து அடைத்து வரவேண்டும். சன்ஷேடின் அடிப்பக்கம் கம்பி தெரிந்தால் இன்னும் கவனம் தேவை: துருவைச் சுரண்டி கம்பி பளிச்சென்று தெரியும் வரை சுத்தம் செய்து, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, அப்புறம்தான் கலவை. வெறும் சிமென்ட் பாலை அப்பினால் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் கம்பி திரும்பவும் தலைகாட்டும்.

தாத்தா காலத்துக் கட்டடம் என்று எழுதியிருக்கிறீர்கள். டவுனில் அந்தக் காலத்துக் கட்டடங்கள் பலவும் சுண்ணாம்புக் காரை பூசியவை. கொத்திய இடத்தில் வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் உதிர்கிற மாதிரி இருந்தால் உங்களுடையதும் அதுதான். அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் கெட்டியான சிமென்ட் பூச்சு போட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, புதுப் பூச்சைப் பலகை பலகையாகப் பெயர்த்துவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைத் தேடி, பழுதான இடத்தைச் சுண்ணாம்புக் கலவையாலேயே ஒட்டுப்போடுவதுதான் முறை. மேலே அடிக்கும் பெயிண்டும் ஈரத்தை வெளிவிடக்கூடியதாக இருக்கட்டும். அந்தத் தெருக்களில் இன்னும் மிச்சமிருக்கிற பழைய முகப்புகளும் தூண்களும் அவ்வளவு அழகு. தேர் வருகிற வீதியில் அவற்றை ஷீட்டுக்குள் புதைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. உங்கள் கடையில் அப்படி ஏதாவது வேலைப்பாடு இருந்தால் தயவுசெய்து அதை வெளியே தெரிய விடுங்கள்.

போர்டு இருந்த இடத்தில் நிறம் வேறுபடுவதற்குக் காரணம் வெயில். சுற்றிலும் நிறம் மங்கியிருக்கும், போர்டுக்குப் பின்னால் மட்டும் பழைய நிறம் அப்படியே நிற்கும். அந்த அளவுக்கு மட்டும் பெயிண்ட் வாங்கி ஒட்டுப்போட்டால் ஒட்டு ஒட்டாகத்தான் தெரியும், அதே நம்பர் பெயிண்ட் என்றாலும் சரி. ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, கைப்பிடிச்சுவரிலிருந்து சன்ஷேட் வரை என்று முழுப் பட்டையாக அடித்துவிடுங்கள்.

நாள் கணக்குதான் முக்கியம். சிமென்ட் பூச்சு போட்ட இடத்துக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்டவேண்டும். பெயிண்டுக்கு முன்னால் 28 நாள் விடுவது நல்லது, பச்சைப் பூச்சின் காரம் பெயிண்டைத் தின்றுவிடும். சுண்ணாம்பு இன்னும் மெதுவாக இறுகும், அதை அவசரப்படுத்தவே கூடாது. ஆவணியில் ஆரம்பித்தால் வடகிழக்கு மழைக்கு முன்னால் முடிக்கலாம். புரட்டாசிக் கடைசியில் சாரம் கட்டிவிட்டு தீபாவளிக்குள் முடித்துக் கொடு என்று நெருக்கினால், கொத்தனாரும் பெயிண்டரும் எங்கே கை வைத்துக் குறைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நேரம் இல்லையென்றால் இந்த வருஷம் ஒரு சாதாரண துணி பேனரை வைத்துச் சமாளித்துவிட்டு, தை பிறந்ததும் வேலையைத் தொடங்குங்கள்.

சுவர் சரியான பிறகும் ஏசிபி வேண்டும் என்று தோன்றினால் போடலாம், தப்பில்லை. தீ தாங்கும் ரகமா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். சாதாரண ஷீட்டின் நடுவில் இருப்பது பாலிஎத்திலீன், தீப்பிடித்தால் எரியும். நீங்கள் வைத்திருப்பது துணிக்கடை.

கேள்வி: வண்ணார்பேட்டையில் மருந்துக்கடை. எல்இடி எழுத்து போர்டுக்கு இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். ஒருவர் சொன்ன தொகையில் பாதிதான் இன்னொருவர் சொல்கிறார். யாரை நம்ப?

பதில்: இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன எழுதவில்லை என்று பாருங்கள். ஒருவர் பின்பலகையைச் சதுர அடிக் கணக்கிலும் எழுத்தை அங்குலக் கணக்கிலும் தனித்தனியாகப் போட்டிருப்பார், மற்றவர் எல்லாம் சேர்த்து ஒரே தொகை எழுதியிருப்பார். ஃபிரேம் துத்தநாகம் பூசிய ஜிஐ டியூபா, வெறும் இரும்புக்கு ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்ததா, டியூபின் கனம் என்ன, ஏசிபி 3 மில்லிமீட்டரா 4 மில்லிமீட்டரா, எல்இடி மாட்யூலும் பவர் சப்ளையும் எந்தக் கம்பெனி, எத்தனை வருஷம் வாரண்டி, பவர் சப்ளை மழை படாத பெட்டிக்குள் வருமா, இதையெல்லாம் இருவரிடமும் எழுதி வாங்கினால் பாதி விலையின் ரகசியம் தெரிந்துவிடும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பழைய போர்டை இறக்குவது, போல்ட்டை உருவுவது, சுவரை அடைப்பது, பெயிண்ட் அடிப்பது, இந்த நான்கும் யார் கணக்கு என்று நான் பார்த்த கொட்டேஷன்கள் பெரும்பாலானவற்றில் ஒரு வரிகூட இருக்காது. போர்டுக்காரர் கொத்தனார் வேலை என்பார், கொத்தனார் போர்டுக்காரர் போட்ட ஓட்டை என்பார். நடுவில் நிற்பது நீங்கள். ஆகவே சுவர் வேலைக்குத் தனிக் கொட்டேஷன் வாங்குங்கள், அதைப் போர்டுக்காரரிடம் கொடுக்காமல் கொத்தனாரிடமே கொடுங்கள். அதே சமயம் புது ஃபிரேமுக்கு எங்கெங்கே போல்ட் வரும் என்று போர்டுக்காரரை முன்கூட்டியே வந்து சுவரில் குறித்துத் தரச் சொல்லுங்கள். பெயிண்ட் அடித்து முடித்த சுவரில் இஷ்டத்துக்கு டிரில் போடுவது அப்போதுதான் நிற்கும். வயர் வெளியே வரும் குழாயையும் பூசும்போதே பதித்துவிடலாம்.

இறக்கின இரும்புக்கும் பழைய கடையில் விலை உண்டு, அதைக் கழித்துக்கொள்கிறாரா என்று கேட்கத் தயங்காதீர்கள். பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிடாமல் ஒரு பங்கை முதல் நல்ல மழை வரைக்கும் நிறுத்திவைக்கப் பேசிப் பாருங்கள். நல்ல வேலைக்காரர் ஒத்துக்கொள்வார்.

கேள்வி: பணகுடியில் ஹார்டுவேர் கடை. ஆனி, ஆடி வந்தாலே போர்டு ஆடுகிற சத்தம் கேட்டு வயிறு கலங்குகிறது. புது போர்டு 20 அடிக்கு 4 அடி. எப்படி மாட்ட?

பதில்: உங்கள் ஊர்க் காற்றுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை, ஆரல்வாய்மொழிக் கணவாயும் காற்றாலைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. கணக்கு மட்டும் சொல்கிறேன். 20க்கு 4 என்றால் 80 சதுர அடி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேராக மோதினால் அந்த அளவுப் பலகையின் மேல் 200 கிலோவுக்கு மேல் எடை வைத்து அழுத்துவதற்குச் சமமான விசை வரும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அதைத் தாங்கவேண்டியது போல்ட்டும் சுவரும்தான்.

பூச்சின் கனமே முக்கால் அங்குலம் வரை இருக்கும், அதற்குப் பிடிமானம் கிடையாது. போல்ட் அதைத் தாண்டி உள்ளே எவ்வளவு போகிறது என்பதுதான் கணக்கு. முடிந்தவரை ஃபிரேமைக் கான்கிரீட் பீமில் மாட்டுங்கள். செங்கல்லில் விரியும் போல்ட்டை இறுக்கினால் கல்லே பிளந்துவிடும், அங்கே பசை ஊற்றிப் பிடிக்கவைக்கும் கெமிக்கல் ஆங்கர் நல்லது. உள்ளே பொந்துள்ள ஹாலோ பிளாக் சுவர் என்றால் மறுபக்கம் வரை துளைத்து, உள்ளே இரும்புத் தகடு வைத்து நட்டு போடுவதுதான் நிம்மதி.

என்னைக் கேட்டால் 20 அடிப் பலகையையே விட்டுவிடுங்கள். சுவரை நன்றாகப் பூசி, ஒரே நிறத்தில் பெயிண்ட் அடித்து, எழுத்துகளை மட்டும் தனித்தனியாகச் சுவரில் பதித்தால் காற்று பிடிக்கிற பரப்பு வெகுவாகக் குறைந்துவிடும், பார்க்கவும் நன்றாக இருக்கும். பலகையில் மிச்சமாகும் காசைச் சுவரில் போடலாம். இன்னொன்று, தெருவில் போகும் மின்கம்பிக்கும் போர்டுக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டராவது, அதாவது நாலடி, இடைவெளி இருக்கவேண்டும். சாரம் கட்டும்போதும் இதே எச்சரிக்கைதான்.

கேள்வி: பாளையங்கோட்டையில் வாடகைக்கு இடம் எடுத்துத் தையல் கடை நடத்துகிறேன். சன்ஷேட் பெயர்ந்து விழுகிறது. போர்டு மாற்றுகிறாய் அல்லவா, முகப்பு முழுவதையும் நீயே சரி செய் என்கிறார் கட்டட உரிமையாளர். இது நியாயமா அண்ணாச்சி?

பதில்: நியாயமில்லை அம்மா. முதலில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அதில் வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர, தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி கட்டமைப்பு சார்ந்த பழுது உரிமையாளர் பொறுப்பு. வாடகைதாரரால் வந்த சேதம் மட்டும் வாடகைதாரர் தலையில். அதாவது உங்கள் பழைய போர்டு போட்ட ஓட்டைகள் உங்களுடையவை, சன்ஷேடில் கம்பி துருப்பிடித்துக் காரை விழுவது அவருடையது. போர்டைத் தொடுவதற்கு முன்னால் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிவையுங்கள், பேச்சு எழுத்திலேயே இருக்கட்டும். அவர் செய்யும்வரை அந்தச் சன்ஷேடுக்குக் கீழே வாடிக்கையாளர்களை நிற்கவிடாதீர்கள்.

கேள்வி: போர்டில் தமிழ் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்?

பதில்: தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதம். தமிழ்தான் முதலில், பெரிதாக. டிசைன் போடும்போதே சொல்லிவிடுங்கள், அடித்த பிறகு மாற்றினால் செலவு உங்களுடையது.

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் நானும் வீட்டுக்காரரும் சின்ன டிபன் கடை நடத்துகிறோம். முகப்புக்குப் பெயிண்ட் அடித்து ஆறே மாதத்தில் உரிகிறது. பெயிண்டர் சுவர் மேல் பழி போடுகிறார், பெயிண்ட் கடைக்காரர் பெயிண்டர் மேல். எங்கே போய் முறையிடுவது?

பதில்: முதலில் உரிந்த பெயிண்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் அது உப்பு, சுவருக்குள் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். மேல் தளத்துக் குழாயோ கைப்பிடிச்சுவரின் விரிசலோ அடியில் ஏறும் ஈரமோ, எதுவென்று கண்டுபிடிக்காமல் திரும்ப அடித்தால் திரும்ப உரியும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் நின்ற சுவர்களிலும் இந்தத் தொல்லை வரலாம். பின்பக்கம் சுண்ணாம்புப் பொடியோ பழைய பெயிண்டோ வந்தால், பெயிண்டர் சுரண்டாமல், பிரைமர் போடாமல் அடித்திருக்கிறார். பெயிண்ட் வாங்கிய கடை வழியாகக் கம்பெனி ஆளை வரச் சொல்லி, ஈரம் அளந்து எழுத்தில் கேளுங்கள். பில்லில் பிரைமர் இருக்கிறதா என்பதே பாதி சாட்சி.

அதற்கும் மசியாவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். அடுத்து திருநெல்வேலியில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையம். வியாபார நோக்கத்துக்காக வாங்கியது என்றால் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும், பயப்படாதீர்கள். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர்களுக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு தருகிறது, நீங்கள் இருவரும் அதற்குள் வருகிறவர்கள்தான், மனுவில் அதைத் தெளிவாக எழுதுங்கள். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும், பில்லும் போட்டோவும் உரிந்த துண்டு இரண்டும் அதுவரை பத்திரம்.