மலை ஏறுகிற கால், மைதானத்தில் ஏன் சோர்கிறது?

புது உதைபந்தாட்ட சீசனுக்கு இன்னும் ஆறேழு கிழமைதான் இருக்கிறது. இந்த மாதம் வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தினமும் விடியற்காலையில் மேட்டு ரோட்டில் ஐந்து கிலோமீற்றர் ஓடுகிறேன். ஆனாலும் இரண்டாம் பாதியில் கால் இழுக்கிறது. ஏன்? (வயது 23, ஹட்டன்)

தம்பி, நீங்கள் ஓடியது வீண்போகவில்லை. மூச்சுக்கு அது நல்ல அடித்தளம். ஆனால் உதைபந்தாட்டம் ஒரே வேகத்தில் ஓடுகிற விளையாட்டு இல்லை. நல்ல தரமான ஆட்டத்தில் ஒரு வீரர் 90 நிமிடத்தில் சுமார் 10 கிலோமீற்றர் கடக்கிறார். அதில் பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமும்தான். நடுநடுவே பாய்கிறார், சட்டென்று நிற்கிறார், திரும்புகிறார். காலை உருக்குவது இந்த மூன்றும்தான். மேட்டு ரோடு இதைப் பழக்காது.

முதல் இரண்டு கிழமை இப்போது ஓடுவது போலவே ஓடுங்கள், ஆனால் நாலு நாள் போதும். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடும் வேகம் சரி. மூன்றாம் கிழமை அதில் இரண்டு நாளை மாற்றுங்கள். தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்திலிருந்து லயத்து வீடுகளுக்கு ஏறும் குறுக்குப் பாதை மாதிரி ஒரு சரிவில் 10 வினாடி முழு வேகத்தில் ஏறுங்கள், இறங்கும்போது நடந்து வாருங்கள். ஆறு தடவையில் தொடங்கிப் பத்து வரை கூட்டலாம். இறக்கத்தில் மட்டும் ஓட வேண்டாம். முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தையும் தாங்க வேண்டி வரும். இறக்கத்தில் ஓடிய அடுத்த இரண்டு நாள் படி இறங்க முடியாமல் வலிப்பது அதனால்தான்.

நான்காம் கிழமையிலிருந்து மட்டமான தரைக்கு வாருங்கள். 15 வினாடி வேகம், 15 வினாடி மெதுவாக, இப்படி ஆறு நிமிடம். ஓய்வெடுத்து இன்னொரு சுற்று. ஒவ்வொரு பாய்ச்சலின் முடிவிலும் நின்று திரும்பி ஓடுங்கள். கடைசிக் கிழமை பயிற்சியின் அளவைப் பாதியாக்குங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள்.

கொழும்பில் கடையில் வேலை. பொங்கலுக்கு ஊருக்கு வந்து விளையாடினால் பத்தே நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது. குளிர்தான் காரணமா? (நுவரெலியா)

குளிரை விட உயரம்தான் காரணம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். ஒரே மூச்சில் கிடைக்கிற ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறையும். இரண்டு நாள் முன்னால் வந்து இதைச் சரிசெய்ய முடியாது. ஆனால் முழுப் பழியையும் மலைமேல் போடவும் முடியாது. நாள் முழுக்கக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பது பயிற்சி ஆகாது. கடை திறக்கும் முன் காலி முகத்திடலிலோ மாடிப்படியிலோ கிழமைக்கு மூன்று நாள், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஊரில் ஆடும்போது முதல் பத்து நிமிடம் எல்லாப் பந்துக்கும் ஓட வேண்டாம்.

மகள் பெண்கள் அணியில் ஆடுகிறாள். எப்போதும் களைப்பு என்கிறாள். என்ன சாப்பாடு கொடுக்கலாம்? (ஒரு தாய், தலவாக்கலை)

அக்கா, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு இரத்தப் பரிசோதனை. மாதவிடாய் வரும் வயதில் இரும்புச்சத்துக் குறைவு சர்வசாதாரணம். 15 வயது தாண்டிய பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே போனால் அது இரத்தச்சோகை. அப்போது எவ்வளவு ஓடினாலும் உடம்பு தேறாது.

இன்னொன்று, தேயிலையிலேயே வாழும் நமக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்கிறேன். ரொட்டியோடு சேர்த்துக் குடிக்கும் தேத்தண்ணீர், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. தேத்தண்ணீரை விட வேண்டாம், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். சாப்பாட்டோடு கொய்யாவோ, கீரையில் பிழிந்த தேசிக்காயோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். நெத்தலிக் கருவாடும் முட்டையும் முடிந்தபோதெல்லாம்.

வலது பின்தொடையில் மூன்று தடவை தசைப்பிடிப்பு. சீசனுக்குள் குணமாகுமா? (பண்டாரவளை)

ஒரே இடத்தில் மூன்று தடவை என்றால் அந்தத் தசை ஒருபோதும் முழுதாக ஆறவில்லை. போன சீசனில் எங்கள் மைதானத்தில் ஒரு பையன் தொடையைச் சுற்றிப் பண்டேஜ் கட்டிக்கொண்டு இறங்கினான். ஒரு லோங் பாஸைத் துரத்தியவன் பாதியிலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மனசு பொறுக்கவில்லை. கட்டு தசைக்குப் பலம் தராது.

வலி முழுதாக அடங்கியபின் இதைச் செய்யுங்கள். மடித்த சாக்கில் முழங்காலிட்டு, நண்பரைக் கணுக்காலை அமுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். முழங்காலிலிருந்து தலை வரை நேராக வைத்து, முடிந்த அளவு மெதுவாக முன்னால் சாயுங்கள். தாங்க முடியாதபோது கையை ஊன்றித் தள்ளி எழும்புங்கள். நாலு தடவை வீதம் இரண்டு சுற்று, கிழமைக்கு இரண்டு நாள், பயிற்சி முடிந்தபின். மட்ச்சுக்கு முதல்நாள் வேண்டாம். விடாமல் செய்த அணிகளில் பின்தொடைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. முழு வேகத்தில் பலமுறை ஓடியும் வலிக்கவில்லை என்றால் மட்டும் ஆட இறங்குங்கள்.

வயது 44. பத்து வருடத்துக்குப் பிறகு ஆட ஆசை. (பதுளை)

வாருங்கள் அண்ணன். முதலில் பிரஷரும் சீனியும் பார்த்துக்கொள்ளுங்கள். மேடு ஏறும்போது நெஞ்சு இறுகினால் அன்றே வைத்தியரிடம் போங்கள். இல்லையென்றால் இரண்டு மாதம் நடையும் மெல்லோட்டமும், அப்புறம் பந்து.