ஹைட்ரோஸ் டிரம்மில் எந்தப் படம் ஒட்டுவது?

தொழில் பாதுகாப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சாய ஆலையில் கெமிக்கல் ஸ்டோர் பார்த்துக்கிறேனுங்க. அடுத்த மாசம் பையர் ஆடிட் (துணி வாங்கும் கம்பெனியின் சோதனை) வருது. ஒவ்வொரு சரக்குக்கும் ஆபத்து வகை எழுதி அட்டவணை போடச் சொல்றாங்க. ஹைட்ரோஸ் ரெண்டு சப்ளையர்கிட்ட வாங்குறோம். ஒருத்தர் தந்த எஸ்.டி.எஸ்.ஸில் (பாதுகாப்புத் தகவல் தாள்) தீச்சுவாலைப் படம் இருக்கு, இன்னொருத்தர் தந்ததில் ஆச்சரியக்குறி மட்டும்தான். எதை எடுத்துக்கிறதுங்க?
– ஸ்டோர் பொறுப்பாளர், வீரபாண்டி, திருப்பூர்

பதில்: தீச்சுவாலை உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று ஆடிட்டர் கேட்பார். அதற்கும் பதில் தயாராக இருக்கட்டும்.

ஹைட்ரோஸ் என்பது சோடியம் டைதயோனைட், சி.ஏ.எஸ். எண் (ரசாயனத்தின் அடையாள எண்) 7775-14-6. ஆபத்தை வகைப்படுத்தி லேபிள் ஒட்ட ஐ.நா. 2003இல் வெளியிட்ட ஜி.எச்.எஸ். என்ற பொது முறையில் இதன் முதல் ஆபத்து 'தானாகச் சூடேறும் பொருள், வகை 1'. அதற்கான குறியீடு எச் 251, படம் தீச்சுவாலை. இரண்டாவது 'விழுங்கினால் தீங்கு', எச் 302. ஆச்சரியக்குறி வருவது இதற்காகத்தான். இரண்டாவது சப்ளையர் சின்ன ஆபத்தை எழுதிவிட்டுப் பெரியதை விட்டுவிட்டார்.

எஸ்.டி.எஸ்.ஸில் 16 பகுதிகள் உண்டு. முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் தவறு கண்ணில் படாது. முதலில் பகுதி 3: உள்ளே என்ன, எத்தனை சதவீதம். அடுத்து நேராகப் பகுதி 14, அதாவது லாரியில் ஏற்றுவதற்கான விவரம். ஹைட்ரோஸ் என்றால் அங்கே யு.என். 1384 (போக்குவரத்து எண்), வகுப்பு 4.2 (தானாகத் தீப்பற்றக்கூடியது) என்று இருக்க வேண்டும். பிறகு பகுதி 2க்கு வாருங்கள். 14இல் 4.2 இருந்து, 2இல் தீச்சுவாலை இல்லையென்றால் அந்தத் தாள் தன்னையே மறுக்கிறது. 14இல் 'கட்டுப்பாடு இல்லை' என்று இருந்தால் அதை நம்பவே வேண்டாம். எந்த வரி முரணாக இருக்கிறது என்று குறிப்பிட்டு, திருத்திய தாளைச் சப்ளையரிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் நகலை ஃபைலில் வையுங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் பழைய தாள் என்றாலும் புதியது கேட்பது நல்லது.

அட்டவணையில் சரக்கின் பெயர், சி.ஏ.எஸ். எண், செறிவு, பொடியா திரவமா, ஆபத்து வகையும் எண்ணும், எச் குறியீடு, லேபிளின் எச்சரிக்கைச் சொல் 'டேஞ்சரா' (கடும் ஆபத்து) 'வார்னிங்கா' (அதைவிடக் குறைவு), யு.என். எண், பக்கத்தில் வைக்கக் கூடாதவை, இவ்வளவும் இருந்தால் போதும். செறிவுக்கான கட்டத்தைப் பலர் போடுவதில்லை. அது இல்லாவிட்டால் மற்றக் கட்டங்களில் பாதி பொய்யாகிவிடும். காரணத்தை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

ஹைட்ரோஸ் தீ பற்றி இன்னொன்று. டிரம்மின் ரிங்கை இறுக்காமல் விட்டாலோ, ஈர ஸ்கூப்பை உள்ளே விட்டாலோ பொடி சிதையத் தொடங்கும். முதலில் மூக்கில் ஏறும் கந்தக நெடி, அப்புறம் டிரம்மின் ஒரு பக்கம் மட்டும் சூடு, பிறகு வெள்ளைப் புகை. 'ஈரம் பட்டுத்தானே பற்றியது, தண்ணீர் ஆகாது' என்று மணலைக் கொட்டுவார்கள். இந்தச் சரக்கு எரியக் காற்றே தேவையில்லை. மூடி அணைக்க முடியாது. ஒரு மக் தண்ணீர் ஆபத்து. ஹோஸில் வெள்ளமாகப் பாய்ச்சும் தண்ணீர்தான் சூட்டை எடுத்துச் சிதைவை நிறுத்தும். வரும் புகை சல்ஃபர் டை ஆக்சைடு, ஆகவே காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நின்றுதான் அடிக்க வேண்டும். மூச்சுக் கருவியும் பழகிய ஆளும் இல்லையென்றால் எல்லோரையும் வெளியேற்றி 101ஐ அழையுங்கள். எரியும் டிரம்மைக் கையால் உருட்டி வெளியே கொண்டுபோகும் வீரம் வேண்டாம்.

கேள்வி: அசிட்டிக் ஆசிட் 99 சதவீதம் வாங்கி, 30 சதவீதமாகக் கலக்கி கேன்களில் மெஷின் பக்கம் வைக்கிறோம். ஹைட்ரஜன் பெராக்சைடு 50 சதவீதம், காஸ்டிக் லை (சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல்) எல்லாம் இதே கதைதான். வாங்கிய டிரம்மின் லேபிளையே ஜெராக்ஸ் எடுத்து கேனில் ஒட்டலாமா? கலக்கிய பிறகு ஆபத்து குறைந்துவிடுமே?
– ஷிஃப்ட் சூப்பர்வைசர், ஈரோடு

பதில்: குறையும். ஆனால் ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு அளவில் குறையும். இதற்கு ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த செறிவு வரம்புகள் கைக்கு உதவும். பையர்களும் பெரும்பாலும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

அசிட்டிக் ஆசிட் 90 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் தோலை அரித்துப் புண்ணாக்கும் வகை 1ஏ, அதாவது மிகக் கொடியது. 25 முதல் 90 வரை 1பி. 10 முதல் 25 வரை தோலுக்கும் கண்ணுக்கும் எரிச்சல், வகை 2. உங்கள் 30 சதவீதக் கேன் இன்னும் 'டேஞ்சர்' தான். கையும் உலோகமும் அரிக்கப்படும் படம் அதில் இருந்தாக வேண்டும். அதையே 20ஆகக் கலக்கினால் ஆச்சரியக்குறியும் 'வார்னிங்'கும் போதும். மெஷினில் ஊற்றுவதற்கு 20 போதுமென்றால் 30 எதற்கு என்று மாஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

காஸ்டிக்கில் இந்தக் கணக்கு செல்லாது. 5 சதவீதத்திலேயே 1ஏ. 2 முதல் 5 வரை 1பி. அரை சதவீதம் முதல் 2 வரைதான் வெறும் எரிச்சல். ஆக, 3 சதவீதக் காஸ்டிக் வாளி 20 சதவீத ஆசிட் கேனைவிடக் கொடிய வகையில் இருக்கிறது. 'தண்ணியா இருக்கு, ஒண்ணும் பண்ணாது' என்று கையை விடுவது இந்த வாளியில்தான்.

பெராக்சைடில் பார்க்க வேண்டியது கண். 50 சதவீதத்தில் அது தோலை அரிக்கும்; தீயை வளர்க்கும் ஆக்சிடைசரும்கூட (வட்டத்தின் மேல் சுவாலை உள்ள படம்). 35 முதல் 50 வரை தோலுக்கு எரிச்சல்தான். ஆனால் 8 முதல் 50 வரை எந்தச் செறிவிலும் கண்ணுக்கு நிரந்தரச் சேதம், எச் 318. 10 சதவீதமாகக் கலக்கிய பெராக்சைடுக்கும் கண்ணாடி கட்டாயம், 'டேஞ்சர்' லேபிளும் கட்டாயம். தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் இமையைத் திறந்து பிடித்து, ஓடும் தண்ணீரில் கழுவிய பிறகே மருத்துவமனைக்கு.

99 சதவீத ஆசிட் டிரம்மில் தீச்சுவாலையும் இருக்கும், ஏனென்றால் அதன் ஃபிளாஷ் பாயின்ட் (ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை) 39 டிகிரி. ஈரோட்டு, கரூர் ஏப்ரல் வெயிலில் தகரக் கூரைக் குடோன் அதை எளிதாகத் தாண்டும். அப்போது டிரம் வாயில் மேலெழும் ஆவிக்கு ஒரு வெல்டிங் பொறி போதும்.

ஜெராக்ஸ் லேபிள் வேண்டாம். கேனுக்கென்று தனி லேபிள் அடியுங்கள்: பெயர், கலக்கிய செறிவு, படம், டேஞ்சர் அல்லது வார்னிங், கலக்கிய தேதி. 100 கிலோ 30 சதவீதக் கரைசலுக்கு 99 சதவீத ஆசிட் 30.3 கிலோ, தண்ணீர் 69.7 கிலோ. தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. காஸ்டிக் ஃபிளேக்கையும் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சங்கொஞ்சமாகத்தான் போட வேண்டும். சுடுதண்ணீரில் மூட்டையைக் கவிழ்த்தால் கொதித்து முகத்துக்கு வரும்.

கேள்வி: வெட்டிங் ஏஜென்ட் (துணியைச் சீக்கிரம் நனைய வைக்கும் சரக்கு) ஒன்றின் எஸ்.டி.எஸ்.ஸில் 'ஆபத்தற்றது' என்று ஒரே வரி. உள்ளே என்ன என்று கேட்டால் 'கம்பெனி ரகசியம்'. அப்படியே எழுதிக்கொள்ளலாமா?
– லேப் டெக்னீஷியன், பெருந்துறை

பதில்: எழுத வேண்டாம். 'ஆபத்தற்றது' என்ற வரி எப்படிப் பிறக்கிறது என்று ஒரு கணக்கில் காட்டலாம். உள்ளே 20 சதவீதம் ஒரு சர்ஃபேக்டன்ட் (சோப்பு போல் வேலை செய்யும் பொருள்), மீதி தண்ணீர் என்று வைப்போம். அந்த சர்ஃபேக்டன்டின் எல்.டி. 50 அளவு (சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு) உடல் எடையில் கிலோவுக்கு 500 மில்லிகிராம். அதுவே கண்ணுக்கு எச் 318 உடையது.

விழுங்கும் நச்சுக்கான சூத்திரம்: 20ஐ 500ஆல் வகுத்தால் 0.04, 100ஐ அதனால் வகுத்தால் 2500. நான்காம் வகை 2000உடன் முடிகிறது. ஐந்தாம் வகை 5000 வரை போனாலும் பல நாடுகள் அதை ஏற்கவில்லை. ஆகவே விழுங்கும் நச்சு 'இல்லை'. சப்ளையர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்.

கண்ணுக்கு விதி வேறு. எச் 318 உடைய பொருள்களின் கூட்டு 3 சதவீதத்தைத் தொட்டாலே கலவை முழுவதும் எச் 318. 1 முதல் 3 வரை எரிச்சல். இங்கே இருப்பதோ 20. அந்தக் கலவையையே சோதித்து வேறு முடிவு வந்திருந்தாலொழிய, லேபிளில் 'டேஞ்சர்' வர வேண்டும்.

ரகசியம் என்றால் முழு ஃபார்முலா வேண்டாம். ஆபத்துள்ள ஒவ்வொரு பொருளின் எச் குறியீடும், '10–25 சதவீதம்' என்பது போல் ஒரு வரம்பும் கொடுக்கச் சொல்லுங்கள். பகுதி 9இல் பி.எச். அளவையும் பாருங்கள். 2ம் அதற்குக் கீழும், 11.5ம் அதற்கு மேலும் இருந்தால், வேறு தரவு இல்லாத நிலையில், தோலை அரிக்கும் என்றே கொள்ள வேண்டும். ஸ்கவரிங் ஏஜென்டுகளில் பலர் 1 சதவீதக் கரைசலின் பி.எச்.சைப் போட்டுச் சமாளிப்பார்கள். டிரம்மில் உள்ளபடி எவ்வளவு என்று கேளுங்கள்.

கேள்வி: டிரம்மில் நாலு நிற வைரக் கட்டத்தில் நீலத்தில் 3 என்று இருக்கிறது. எஸ்.டி.எஸ்.ஸில் வகை 1 என்கிறது. எது சரி?
– கரூர் வாசகர்

பதில்: இரண்டும் சரி, அளவுகோல் தலைகீழ். ஜி.எச்.எஸ்.ஸில் எண் குறையக் குறைய ஆபத்து கூடும். 1 தான் கொடியது. அமெரிக்கத் தீ பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.வின் வைரத்தில் (நீலம் உடல்நல ஆபத்துக்கு) 0 முதல் 4 வரை ஏறும். 4 தான் கொடியது. அந்த வைரம் தீயணைப்பு வீரர் தூரத்திலிருந்து பார்ப்பதற்கானது. உங்கள் அட்டவணையில் இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதாதீர்கள்.

கேள்வி: ரியாக்டிவ் டை எடை போடுகிறேன். ராத்திரியில் இருமலும் இழுப்பும் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை இருப்பதில்லை. கலர் பொடியில் அப்படி என்னங்க ஆபத்து?
– சாயப்பட்டறைத் தொழிலாளி, அருள்புரம்

பதில்: முதலில் மருத்துவரிடம் போங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அங்கேயே காட்டலாம். போகும்போது நீங்கள் எடை போடும் டைகளின் எஸ்.டி.எஸ். நகலைக் கையில் கொண்டுபோங்கள். லீவு நாளில் குறைகிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். நோயைக் கண்டுபிடிக்க அது பெரிய துப்பு.

பல ரியாக்டிவ் டைகளுக்கு எச் 334 உண்டு: மூச்சில் போனால் ஒவ்வாமை, ஆஸ்துமா. அதன் படம், மார்பில் நட்சத்திரம் வெடித்த மனித உருவம். தோல் ஒவ்வாமைக்கு (எச் 317) வெறும் ஆச்சரியக்குறிதான். இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். உடம்பு ஒரு தடவை இதற்கு ஒவ்வாமையாகிவிட்டால், பிறகு ரொம்பக் கொஞ்சம் தூசியே இழுப்பைக் கிளப்பும். அப்போது மாஸ்க் மட்டும் காப்பாற்றாது, வேலையிடத்தையே மாற்றித்தர வேண்டும். நிர்வாகத்துக்கு இது தெரிய வேண்டும்.

கைக்குட்டை கட்டுவதால் பயனில்லை. முகத்தோடு ஒட்டும் என் 95 குறைந்தபட்சம். தராசுக்குப் பக்கத்தில் தூசியை உறிஞ்சும் ஹூடு வேண்டும். சிந்தியதை ஏர் ஹோஸால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

கேள்வி: இதெல்லாம் வெளிநாட்டு முறை. நம் சட்டத்தில் என்ன இருக்கிறது?
– சிறுதொழில் முனைவோர், கோவை

பதில்: 1989ஆம் ஆண்டின் ஆபத்தான ரசாயனங்கள் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள் இருக்கின்றன. அதன் முதல் அட்டவணை நச்சுத்தன்மைக்குத் தனி வரம்பு வைத்திருக்கிறது: விழுங்கும் எல்.டி. 50 கிலோவுக்கு 50 முதல் 200 மில்லிகிராம் வரை 'நச்சு'. ஜி.எச்.எஸ்.ஸில் நச்சுக்கான மண்டையோட்டுப் படம் 300 வரை நீளும். எல்.டி. 50 அளவு 250 உள்ள சரக்குக்கு ஒன்றில் மண்டையோடு வரும், மற்றொன்றில் 'நச்சு' வராது. ஏற்றுமதி செய்பவர்கள் இரண்டையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதிவைப்பதே தொல்லையில்லாத வழி.

கேள்வி: எல்லாச் சரக்குக்கும் சரியான படம் ஒட்டிவிட்டோம். இனி குடோனில் எப்படி வைத்தாலும் சரிதானே?
– பவானி வாசகர்

பதில்: இல்லை. அந்தப் படம் டிரம்முக்குள் தனியாக இருக்கும் சரக்கைப் பற்றியது. எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பகுதி 10இல் இருக்கிறது. ஹைப்போ (வெளுக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்) மேல் அசிட்டிக் ஆசிட் ஒழுகினால் குளோரின். ஹைட்ரோஸ் மேல் ஒழுகினால் சல்ஃபர் டை ஆக்சைடு. சல்ஃபர் டைக்கு வைத்திருக்கும் சோடியம் சல்ஃபைடு மேல் ஒழுகினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்து, வாடை போய்விட்டது என்று நினைக்க வைப்பது இதுதான். மூன்றிலும் பொது எதிரி ஆசிட். அதைத் தனி அறையில், கசிவைத் தாங்கும் தொட்டித் தரையில் வையுங்கள்.

பெராக்சைடுக்கு துரு, காஸ்டிக், பஞ்சுக் கழிவு மூன்றும் ஆகாது. சிதைந்தால் ஆக்சிஜன் வெளியாகும் என்பதால் அதன் கேன் மூடியில் காற்றுத் துளை இருக்கும். ஒழுகுகிறது என்று அதை எம்-சீல் வைத்து அடைத்தால் கேன் உப்பி வெடிக்கும். ஹைட்ரோஸ் ஸ்கூப்பைப் பெராக்சைடு பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஒவ்வொரு சரக்குக்கும் தனி நிற மக், தனி ஸ்கூப். அதையும் அந்தந்த டிரம்மின் கழுத்தில் கட்டியே வையுங்கள்.