ஆயிலை மாற்றினால் மைலேஜ் எவ்வளவு ஏறும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் பெட்ரோல் காரின் கையேட்டில் 0டபிள்யூ-20 ஆயில் என்று இருக்கிறது. "இது தண்ணீர் மாதிரி ஓடுகிறது, சென்னை வெயிலுக்குத் தாங்காது, 20டபிள்யூ-50 ஊற்றிவிடுவோம்" என்கிறார் மெக்கானிக். கேட்கலாமா? (வேளச்சேரி வாசகர்)

வேண்டாம். மெக்கானிக் சொல்வதில் அக்கறை இருக்கிறது. ஆனால் அது பழைய இன்ஜின்களோடு பழகிய கையின் அக்கறை. கேனில் உள்ள 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 0டபிள்யூ என்றால் மைனஸ் 35 டிகிரியிலும், 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரியிலும் இன்ஜினைச் சுழற்ற முடிகிறதா என்று சோதித்திருக்கிறார்கள். மார்கழி விடியலிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிற நம் ஊருக்கு இந்த முதல் எண் எதற்கு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் 40 டிகிரியில் அளந்து பார்த்தால் வழக்கமான 20டபிள்யூ-50 ஆயில், 0டபிள்யூ-20 ஆயிலைவிட மூன்று மடங்குக்கும் மேல் கெட்டியாக இருக்கும். காலையில் வண்டியை எடுத்து, தரமணி வரை நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிறவருக்கு, ஆயில் முழுதாகச் சூடாவதற்குள் பயணமே முடிந்துவிடுகிறது. அந்த வழி முழுக்கக் கெட்டியான ஆயிலைத் தள்ளவும் கிழிக்கவும் ஆகிற உழைப்பு பெட்ரோலிலிருந்துதான் வரவேண்டும்.

இரண்டாவது எண் 100 டிகிரி வெப்பத்தில் ஆயிலின் பாகுத்தன்மையைச் சொல்கிறது. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் வரையறையில் 20 கிரேடு 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) வரை. 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரை. அதாவது சூடான பிறகும் ஏறத்தாழ இரட்டிப்புக் கெட்டி. வெயில் வாதத்துக்கு வருவோம். கூலன்ட் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட் 90 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கிறது. இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் உள்ள ஆயிலும் பெரும்பாலும் 90 முதல் 110 டிகிரிக்குள் இருக்கும். வெளியே தை மாதமா, கத்திரி வெயிலா என்பது அந்த எண்ணை நாம் பயப்படுகிற அளவுக்கு மாற்றுவதில்லை. 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் 10டபிள்யூ-30 ஊற்றினாலே 1 முதல் 2 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் மதிப்பீடு. நீங்கள் தாவப் பார்ப்பது அதைவிடப் பெரிய தாவல். போதாததற்கு, இன்றைய பல இன்ஜின்களில் வால்வு திறக்கும் நேரத்தை ஆயில் அழுத்தமே மாற்றியமைக்கிறது. அதன் துளைகள் மெல்லிய ஆயிலை எண்ணி அமைக்கப்பட்டவை.

கேள்வி: முழு சிந்தெடிக் ஆயிலுக்கு 1,400 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். லிட்டருக்கு 15 கிடைக்கிறது. போட்ட பணம் திரும்புமா? (அண்ணா நகர் வாசகர்)

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 8,000 கிலோமீட்டருக்குச் சுமார் 533 லிட்டர் பெட்ரோல் செலவாகிறது. தாராளமாக 2 சதவீதம் மிச்சம் என்று வைத்தாலும் 10.7 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 1,070 ரூபாய். மைலேஜை மட்டும் நம்பினால் போட்ட பணம் முழுதாகத் திரும்பாது. அந்த 2 சதவீதம்கூட 'சிந்தெடிக்' என்ற சொல்லால் வருவதில்லை. பெரும்பகுதி கிரேடாலும், உராய்வைக் குறைக்கச் சேர்க்கப்படும் மாலிப்டினம் போன்ற சேர்மங்களாலும் வருகிறது. எனவே கேனின் முகப்பில் உள்ள பெரிய எழுத்தைவிடப் பின்பக்கத்தைப் படியுங்கள். பெட்ரோல் கார்களுக்கு ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்.பி., ஐ.எல்.எஸ்.ஏ.சி. (ஆயில் தரங்களை வகுக்கும் பன்னாட்டுக் குழு) ஜி.எஃப்.-6 என்ற தரங்கள் 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. எரிபொருள் சிக்கனத்தையும் சோதித்தே ஜி.எஃப். வரிசைத் தரங்கள் வழங்கப்படுகின்றன. நெரிசலில் மணிக்கணக்கில் ஐடிலில் நிற்கும் இன்ஜினில் சிந்தெடிக் சீக்கிரம் கெட்டியாகாது என்பது தனி லாபம். அதற்காக வாங்கினால் தவறில்லை. கையேடே கேட்கிறது என்றால் இந்தக் கணக்குக்கே இடமில்லை.

கேள்வி: 2011 டீசல் கார், 1.6 லட்சம் கிலோமீட்டர் ஓடியது. 15டபிள்யூ-40க்குப் பதிலாக 0டபிள்யூ-20 ஊற்றினால் மைலேஜ் கூடுமா? (தாம்பரம் வாசகர்)

கூடாது, இன்ஜின்தான் தேயும். 150 டிகிரி வெப்பத்தில், பேரிங்குக்குள் நசுங்கும் நிலையில் ஆயில் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்று ஓர் அளவு உண்டு. 15டபிள்யூ-40க்கு அது குறைந்தது 3.7 இருக்கவேண்டும், 20 கிரேடுக்கு 2.6 போதும். ஆயில் படலம் மெலிய மெலிய உராய்வு குறையும் என்பது ஓர் எல்லை வரைதான். அதைத் தாண்டினால் உலோகம் உலோகத்தைத் தொட்டு, உராய்வு மறுபடி ஏறும். உங்கள் கையேடு இரண்டு மூன்று கிரேடுகளை அனுமதித்தால் அவற்றுள் மெல்லியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

கேள்வி: ஆயிலில் கலக்கும் 'மைலேஜ் பூஸ்டர்' பாட்டில்கள்? (மயிலாப்பூர் வாசகர்)

நல்ல ஆயிலில் தேவையான சேர்மங்கள் அளவோடு ஏற்கெனவே இருக்கின்றன. மேலும் கலந்தால் அந்த அளவு கெடலாம். பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சர்வீஸ் முடிந்து வந்ததிலிருந்து வண்டி மந்தமாக இருக்கிறது. ஆயில் ஊற்றியதில் ஏதாவது தவறு நடந்திருக்குமா? (அம்பத்தூர் வாசகர்)

நடக்கும், எனக்கே நடந்தது. ஒரு சர்வீஸ் நிலையத்திலிருந்து வண்டியை எடுத்து வந்த மறுநாள் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால், மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரல் அகலத்துக்கு ஆயில் பளபளத்தது. "கொஞ்சம் கூட இருக்கட்டும் என்று ஊற்றினோம் சார்" என்றார்கள். அளவு மீறினால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடித்து நுரை கிளப்பும். அந்த வீண் உழைப்பு மைலேஜைத் தின்னும், நுரைத்த ஆயில் சரியாக உயவிடவும் செய்யாது. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, குச்சியைத் துடைத்து மறுபடி நுழைத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையில் இருந்தால் சரி. மீறியிருந்தால் வடித்துத் தரச் சொல்லுங்கள். நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டீசல் இன்ஜினில் புது ஆயிலும் சில நாட்களிலேயே கறுத்துவிடும்.

கேள்வி: ஆயில் மாற்றிய பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது. கிரேடும் சரியாகத்தான் இருக்கிறது. போலி ஆயிலாக இருக்குமா? (பெரம்பூர் வாசகர்)

முதலில் ஆயிலைச் சந்தேகிக்காதீர்கள். பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனாலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே பெட்ரோல் பங்கில் 10 சதவீதக் கலப்பு 20 சதவீதமாக மாறியிருந்தால், அந்த மாற்றத்திலேயே லிட்டருக்குச் சுமார் 3 சதவீதத்துக்கு மேல் ஆற்றல் குறைகிறது. ஆயில் தரக்கூடிய லாபத்தைவிட இது பெரிது. நான்கு டயர்களிலும் 5 பி.எஸ்.ஐ. குறைந்திருந்தால் இன்னும் 1 சதவீதம் போகும். ஏ.சி.யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டேஷ்போர்டு காட்டும் எண்ணை விட்டுவிட்டு, ஒரே பங்கில், பம்ப் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தை அடுத்த முறை பிடிக்கிற லிட்டரால் வகுத்து எழுதி வாருங்கள். குறைந்தது நான்கு டேங்க் ஓடட்டும். கத்திப்பாரா நெரிசலில் கழிந்த இரண்டு மாலைகளே ஒரு டேங்க் கணக்கைப் புரட்டிப்போடப் போதும்.